சாண்டா ஃபேக்குக் காரில் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகரான சாண்டா ஃபேயைக் காரில் சென்று அடையலாம்; காரில் அமர்ந்தபடி பார்க்க முடியாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போனதால் எங்கள் முதல் பயணத்தில் ஒன்றரை நாள் வீணாயிற்று. பத்து மணி நேரம் ஓட்டிக் களைத்து, இருட்டுகிற நேரத்தில் பழைய நகரப் பகுதிக்குள் நுழைந்து, ஒருவழிப் பாதைகளிலும் சந்துகளிலும் காரை நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினோம். மறுநாள் காலை எனக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, மகனுக்கு வாந்தி. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது என்பதும், அதன் நடுப்பகுதித் தெருக்கள் கழுதைகளும் மாட்டு வண்டிகளும் போன தடங்கள் என்பதும் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அதன் பிறகு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். முதன்முறை செல்கிறவர்கள் எதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்ய வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஊரின் வரலாற்றைச் சிறிதளவாவது தெரிந்துகொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் எல்லாம் ஒரே மண் நிறக் கட்டடங்களாகத்தான் தெரியும். பியூப்ளோ பூர்வகுடிகள் வாழ்ந்த நிலத்தில் ஸ்பானியர் 1610 ஆம் ஆண்டையொட்டி இந்தத் தலைநகரை நிறுவினார்கள். 1680 இல் போப்பே என்பவரின் தலைமையில் பியூப்ளோ ஊர்கள் ஒன்றுசேர்ந்து கிளர்ந்தெழுந்து, ஸ்பானியரை விரட்டிவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் நகரைத் தம் வசம் வைத்திருந்தன. 1692 இல் ஸ்பானியர் திரும்பி வந்தார்கள். 1821 இல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் மிசௌரியிலிருந்து வணிக வண்டிகள் வரத் தொடங்கின, 1846 இல் அமெரிக்கப் படை நுழைந்தது, 1880 இல் ரயில் வந்தது, 1912 இல்தான் நியூ மெக்சிகோ ஒரு மாநிலமாயிற்று. ரயிலின் முதன்மைப் பாதை நகருக்குள் வராமல் தெற்கே லேமி என்னும் சிற்றூர் வழியாகப் போய்விட, கிளைப்பாதை ஒன்றுதான் நகரத்துக்குக் கிடைத்தது. வணிகம், காரில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள அல்புகர்க்கி நகரத்துக்குப் போனது. சாண்டா ஃபே பழைய முகத்தோடு பின்தங்கியது. அந்தப் பழைய முகத்தையே முதலாக வைத்துப் பிழைக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். 1957 இல் பழைய நகரப் பகுதியின் கட்டடங்கள் மரபு வடிவில்தான் இருக்க வேண்டும் என்று நகர மன்றம் சட்டமே இயற்றியது. ஆகவே, நீங்கள் பார்க்கும் மண் சுவர்கள் அனைத்தும் மண் சுவர்கள் அல்ல. பல, மரச்சட்டத்தின் மேல் மண் நிறச் சாந்து பூசியவை. அசல் கட்டடத்தை அடையாளம் காணச் சன்னலோரத்தைப் பாருங்கள். களிமண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்து வெயிலில் உலர்த்திய சுடாத செங்கல்லால் கட்டிய சுவர் இரண்டடி கனம் இருக்கும். சன்னல் ஒரு குழிக்குள் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும்.

எப்போது போவது

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை என்பதே என் பரிந்துரை. வெயில் தணிந்திருக்கும், மழைக்காலம் முடிந்திருக்கும், நகரத்துக்குக் கிழக்கே சாங்ரே தே கிறிஸ்தோ மலையின் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாக மாறியிருக்கும், தெருவோரங்களில் இரும்புக் கம்பி உருளைகளுக்குள் பச்சை மிளகாயை வாட்டும் வாசனை எழும். அக்டோபர் முதல் பாதியில் அல்புகர்க்கியில் பன்னாட்டு வெப்பக்காற்றுப் பலூன் விழா நடப்பதால், அந்த நாட்களில் சாண்டா ஃபேயிலும் அறை வாடகை ஏறிவிடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

கலைக்காகவே போகிறவர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும் வேறு கணக்கு. ஜூலையில் பன்னாட்டு நாட்டார் கலைச் சந்தையும் ஸ்பானிய மரபுக் கலைச் சந்தையும், ஆகஸ்டில் 1922 இல் தொடங்கிய பூர்வகுடிக் கலைச் சந்தையும் நடக்கின்றன. ஆகஸ்டு சந்தையின் இரண்டு நாட்களில் நகர நடுவிலுள்ள தெருக்கள் முழுவதும் கலைஞர்களின் கூடாரங்களாகிவிடும். அந்த வாரயிறுதிக்கு அறை வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்தாக வேண்டும். மார்ச் முதல் மே வரை காற்றும் புழுதியும் அதிகம். குளிர்காலத்தில் பனி பெய்யும். ஆனாலும் டிசம்பர் 24 மாலை கலைக்கூடங்கள் நிறைந்த கேன்யன் ரோட்டில் வண்டிகளைத் தடுத்து, சுவர்களின் மேலும் நடைபாதையோரமும் காகிதப் பைகளில் மணல் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கும் காட்சி, கார்த்திகை தீபம் பார்த்துப் பழகிய கண்களுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும்.

எந்தச் சாலை

நீங்கள் எங்கிருந்து புறப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சாலை அமையும் என்றாலும், ஒவ்வொரு சாலைக்கும் ஒரு கதை உண்டு. அதைத் தெரிந்து ஓட்டினால் வழியிலேயே பாதி நகரம் விளங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது டென்வரிலிருந்து ஐ-25 நெடுஞ்சாலையில் தெற்கே வருவது. ஏறத்தாழ 390 மைல், ஓய்வுகள் நீங்கலாக ஆறு மணி நேரம். கொலராடோவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் இடையே 7,834 அடி உயரத்திலுள்ள ரட்டோன் கணவாயைக் கடந்ததும், 1821 முதல் ரயில் வரும்வரை வணிகர்கள் வண்டி கட்டிவந்த சாண்டா ஃபே தடத்தின் ஒரு கிளையைத்தான் நீங்களும் பின்பற்றுகிறீர்கள். வாட்ரஸ் என்னுமிடத்தில் நெடுஞ்சாலையிலிருந்து விலகி எட்டு மைல் போனால் 1851 இல் அமைக்கப்பட்ட ஃபோர்ட் யூனியன் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. மழையில் கரைந்து நிற்கும் மண் சுவர்களையும், புல்வெளியில் இன்னும் மறையாமல் பள்ளமாகக் கிடக்கும் வண்டித் தடங்களையும் அங்கே பார்க்கலாம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்தத் தடங்கள் நன்றாகத் தெரியும்; உச்சி வெயிலில் பார்த்தவர்கள் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் லாஸ் வேகஸ் சூதாட்ட நகரம் அல்ல, அதே பெயருள்ள பழைய ஊர். நகரத்துக்கு 25 மைல் முன்னால் பீகோஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவில், ஒரு காலத்தில் பெருங்குடியிருப்பாக இருந்த பியூப்ளோவும் (அம்மக்களின் ஊருக்கும் அதே பெயர்தான்) அதன் மேட்டில் ஸ்பானியர் எழுப்பிய தேவாலயமும் இடிபாடுகளாக அருகருகே நிற்கின்றன. நேரமில்லாவிட்டால் கோட்டையை விடலாம், பீகோஸை விட வேண்டாம்.

டாலஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறத்தாழ 640 மைல். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று வரைபடம் சொல்லும். குடும்பத்தோடு வருகிறவர்கள் அமரில்லோவில் இரவு தங்குவதே முறை. மறுநாள் ஐ-40 இல் மேற்கே வந்து, சாண்டா ரோசா என்னும் ஊரில் 81 அடி ஆழமுள்ள நீலச் சுனையைப் பார்த்துவிட்டு (நீர் கோடையிலும் நடுக்கும் குளிர்ச்சி, கால்களை மட்டும் நனைத்துக்கொள்வது போதும்), கிளைன்ஸ் கார்னர்ஸில் நெடுஞ்சாலையை விட்டு 285 ஆம் எண் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். இந்த ஐ-40 பாதை பெரும்பாலும் பழைய 66 ஆம் எண் சாலையை ஒட்டியது. 1937 வரை அந்தச் சாலை சாண்டா ஃபேக்குள்ளேயே நுழைந்து சென்றது.

ஃபீனிக்ஸிலிருந்து வந்தால் ஏறத்தாழ 500 மைல். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 850 மைல் என்பதால் ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் இரவு தங்கித்தான் வர வேண்டும். இரண்டு பாதைகளும் ஐ-40 இல் சேர்ந்து, கல்லாகிப்போன மரங்களுக்குப் பெயர்பெற்ற பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவை ஊடுருவி வருகின்றன. அல்புகர்க்கிக்கு மேற்கே ஓரமாக விலகினால், 360 அடிக்கு மேல் உயர்ந்த பாறை மேட்டின் உச்சியில் அமைந்த ஆகோமா பியூப்ளோவை வழிகாட்டியோடு சென்று பார்க்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: அரிசோனா கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நியூ மெக்சிகோ மாற்றுகிறது. மார்ச் முதல் நவம்பர் வரை எல்லையைக் கடந்தவுடன் ஒரு மணி நேரம் கைவிட்டுப் போகும். முன்பதிவு செய்த நுழைவுச்சீட்டைத் தவறவிட்டவர்களின் கதைகளில் பாதி இதனால்தான்.

விமானத்தில் அல்புகர்க்கி வந்து அங்கே வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஐ-25 வழியே ஒரு மணி நேரம்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவர வேண்டும். ஆனால் அவர்களுக்கும், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும், கடைசி ஒரு மணி நேரத்தை நெடுஞ்சாலையில் கழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். அல்புகர்க்கிக்குக் கிழக்கே ஐ-40 இலிருந்து பிரிந்து, சாண்டியா மலையின் பின்புறமாக வடக்கே போகும் மாநிலச் சாலை 14 ஐப் பிடியுங்கள். டர்க்காய்ஸ் தடம், அதாவது நீலப்பச்சைக் கல் தடம் என்று அதற்குப் பெயர். சுமார் 50 மைல். நடுவில் மாட்ரிட் என்னும் ஊர் வரும். நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு ஆள் அரவமற்றுப் போன அந்த ஊரில், 1970களில் கலைஞர்கள் வந்து சுரங்கத் தொழிலாளர்களின் மரவீடுகளை மலிவாக வாங்கிக் குடியேறினார்கள். இன்று தெருவின் இருபுறமும் கடைகளும் கலைக்கூடங்களும்தான். அடுத்து வரும் செரியோஸ் குன்றுகளில், ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பியூப்ளோ மக்கள் நீலப்பச்சைக் கல்லை வெட்டியெடுத்தார்கள். நகரத்தில் கடைதோறும் பார்க்கப்போகும் அந்தக் கல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு நகருக்குள் நுழைவது, பயணத்துக்குச் சரியான முன்னுரை.

சாலை தொடர்பாகச் சுருக்கமாகச் சில. நெடுஞ்சாலையில் மணிக்கு 75 மைல் வரை அனுமதி உண்டு. காற்றும் ஏற்றமும் சேர்ந்து பெட்ரோல் செலவைக் கூட்டும். அடுத்த பங்க் ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கக்கூடும் என்பதால் டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுங்கள். மான்களும் எல்க் மான்களும் அந்தி நேரத்தில் சாலையைக் கடக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிற்பகல் இரண்டு மணியளவில் மேகம் கறுத்து இடியோடு கொட்டும். மழை எங்கோ மலையில் பெய்தாலும், அர்ரோயோ என்னும் வறண்ட ஓடைகளில் சில நிமிடங்களில் வெள்ளம் பாயும். ஓடையின் குறுக்கே தண்ணீர் ஓடும் சாலையில் எந்தக் காரணத்துக்காகவும் காரை இறக்காதீர்கள். நவம்பருக்குப் பின் ரட்டோன் கணவாய் பனியால் மூடப்படுவதுண்டு என்பதால் புறப்படும் காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயரத்துக்கு உடல் பழக ஒரு நாள் ஆகும். வந்த அன்று அதிகம் நடக்காதீர்கள், மதுவைத் தவிருங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். காற்று வறண்டது என்பதால் வியர்ப்பதே தெரியாது. தொப்பியும் உதட்டுக்குப் பூசும் களிம்பும் கட்டாயம். பகலில் அரைக்கைச் சட்டை போதுமென்றாலும், கோடையிலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

காரை நிறுத்துங்கள்

பிளாசா என்னும் நடுச்சதுக்கத்திலிருந்து நடக்கும் தொலைவில் அறை எடுத்தால் செலவு கூடும். செரியோஸ் ரோட்டில் உள்ள மோட்டல்கள் மலிவு, ஆனால் ஒவ்வொரு முறையும் காரை எடுக்க வேண்டும். என் ஆலோசனை, மூன்று இரவுகளில் இரண்டையாவது நடுவில் தங்கி, மற்றச் செலவுகளில் அதைச் சரிக்கட்டுவது. அது முடியாதவர்கள், காலை பத்து மணிக்குள் பிளாசாவை அடுத்த நகராட்சிப் பார்க்கிங் கட்டடங்களில் ஒன்றில் காரை விட்டுவிட்டு, மாலைவரை அதை மறந்துவிடுவது நல்லது. தெருவோரத்து மீட்டர் இடங்களைத் தேடுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அந்த முக்கால் மணி நேரப் பாடம் என்னுடையதோடு முடியட்டும்.

நடையைப் பிளாசாவின் வடக்கே உள்ள ஆளுநர் மாளிகையில் தொடங்குங்கள். 1610 ஐயொட்டிக் கட்டப்பட்ட அது, ஸ்பானிய, பியூப்ளோ, மெக்சிகோ, அமெரிக்க ஆட்சிகள் அனைத்தையும் பார்த்துவிட்டு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் முன்தாழ்வாரத்தில்தான் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் காத்திருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்துப் பூர்வகுடிக் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு துணி விரிப்பு, அதன்மேல் வெள்ளி வளையல்கள், நீலக்கல் பதித்த மோதிரங்கள், சிறு மண்பாண்டங்கள். இடம் நாள்தோறும் காலையில் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறது. விற்கப்படும் பொருளை விற்பவரோ அவர் வீட்டாரோ செய்திருக்க வேண்டும், செய்தவரின் முத்திரை அதில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆகவே மோதிரத்தைத் திருப்பி உட்புறத்து முத்திரையைப் பார்த்து, "இது யாருடைய குறி?" என்று கேட்பது அங்கே சந்தேகத்தின் அடையாளம் இல்லை, அக்கறையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். கல் இயற்கையானதா, பிசின் ஏற்றிக் கெட்டியாக்கியதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. பேரம் பேசிப் பழகிய நமக்கு நாக்கு துறுதுறுக்கும். ஒருமுறை என் மனைவி ஒரு வளையலை எடுத்து, விலை கேட்டு, வழக்கப்படி பாதியில் தொடங்க, அந்த மூதாட்டி சிரித்துவிட்டு, வெள்ளித் தகட்டை வெட்டி, வளைத்து, குறியிட்டு முடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நாங்கள் முழு விலையைக் கொடுத்தோம். படம் எடுக்க வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

நகரத்தின் கடைகளில் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. பூர்வகுடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆகவே செய்தவரின் பெயரையும் இனக்குழுவையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையைவிட்டு அமைதியாக வெளியேறலாம்.

பிளாசாவிலிருந்து ஒரு தெரு தள்ளி நிற்கும் புனித பிரான்சிஸ் பேராலயம், பிரெஞ்சுக்காரரான பேராயர் லேமி 1869 இல் கட்டத் தொடங்கியது; மண் நிற ஊரில் கல் வளைவுகளோடு அந்நியமாகத்தான் நிற்கிறது. அதன் எதிரே, தற்காலப் பூர்வகுடிக் கலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. பலரும் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். தாழ்வாரத்தில் பார்த்த மரபுக் கலைக்குப் பிறகு, அதே மக்களின் இன்றைய ஓவியத்தையும் காணொளிப் படைப்பையும் பார்ப்பது, பூர்வகுடி என்றாலே பழமை என்ற எண்ணத்தை உடைத்துவிடும். லொரெட்டோ தேவாலயத்தின் சுழல் படிக்கட்டு 33 படிகளோடு இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, நடுவில் தூணே இல்லாமல் மாடத்துக்கு ஏறுகிறது. கூலி வாங்காமல் மறைந்துபோன தச்சரைப் பற்றிய கதையை அங்கே கேட்பீர்கள். கதையைவிட, மரத்தை அப்படி வளைத்த கைத்திறனே எனக்குப் பெரிய அதிசயம். படியில் ஏற விடமாட்டார்கள். பத்து நிமிடம் போதும்.

கேன்யன் ரோடு

பிளாசாவிலிருந்து பதினைந்து நிமிட நடையில் கேன்யன் ரோடு தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரு மைலுக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட கலைக்கூடங்கள்; பெரும்பாலானவை பழைய மண் வீடுகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கும் வசதியில்லாதவர்கள் தயங்கி வாசலிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையில்லை. வணக்கம் சொல்லி, "சும்மா பார்க்க வந்தோம்" என்றால் வரவேற்பார்கள். கூட்டம் குறைவான நாளில் ஓவியரைப் பற்றிப் பேசவும் செய்வார்கள். எண்பதையும் பார்க்க முனைய வேண்டாம். மேல்முனைவரை ஒருமுறை நடந்து, சன்னல் வழியே கண்ணை இழுத்த ஐந்தாறை மனத்தில் குறித்துக்கொண்டு, இறங்கும்போது அவற்றுக்குள் மட்டும் போங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் புதிய கண்காட்சிகளின் தொடக்க நிகழ்ச்சிகள் இருப்பதுண்டு. ஓவியர்களை நேரில் சந்திக்க அதுவே சரியான நேரம்.

கேன்யன் ரோட்டுக்கு இணையாக ஓடும் தெருவின் பெயர் அசேக்கியா மாத்ரே. "தாய் வாய்க்கால்" என்று பொருள். பெயருக்கேற்ப அதன் ஓரமாகக் கல் கட்டிய பழைய பாசன வாய்க்கால் ஒன்று போகிறது. இத்தகைய வாய்க்கால்களில் முறை வைத்துத் தண்ணீர் பங்கிடவும், வசந்தத்தில் எல்லோரையும் கூட்டித் தூர்வாரவும் மேயர்தோமோ என்று ஒருவர் உண்டு. நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டியின் வேலைதான். ஓவியங்களைப் பார்த்துக் கண் களைத்தபோது அந்தத் தெரு வழியாகத் திரும்புங்கள். கூட்டமே இருக்காது.

அருங்காட்சியகங்களில் அரை நாளுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டாதீர்கள். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபின் பெயரிலுள்ள அருங்காட்சியகம் 1997 இல் திறக்கப்பட்டது. நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்பே வாங்கிவிட வேண்டும். அளவில் சிறியது என்பதால் ஏமாற்றமடைகிறவர்கள் உண்டு. அவர் வரைந்த குன்றுகளை நேரில் பார்த்த பிறகு அங்கே போனால் அந்த ஏமாற்றம் வராது என்பது என் அனுபவம். நடுநகரிலிருந்து இரண்டு மைல் தொலைவில் மியூசியம் ஹில் என்னும் மேட்டில் நான்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அதற்குக் காரை எடுக்கலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் அங்குள்ள பன்னாட்டு நாட்டார் கலை அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்ட் உலகெங்கும் திரட்டி அளித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் சுமார் பத்தாயிரம் ஒரே கூடத்தில் விரிந்துகிடக்கின்றன: களிமண் சந்தைகள், மரத்தாலான ஊர்வலங்கள், விரல் உயரத் திருமணக் கூட்டங்கள். பொருள்களின் அருகே பெயர்ப்பலகை கிடையாது; கையேட்டை வாங்கிக்கொண்டு தேடலாம், அல்லது தேடாமல் பார்த்துக்கொண்டே போகலாம். உலகம் முழுவதும் சேர்ந்து வைத்த கொலு என்று என் மகள் சொன்னாள். அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பழைய பௌலிங் கூடம் ஒன்றில் 2016 இல் தொடங்கிய மியாவ் வுல்ஃப், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள்ளும் குளிர்பெட்டிக்குள்ளும் நுழைந்து வேற்றுலகங்களுக்குப் போகும் கலை விளையாட்டு. இளையவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்கு ஒன்றரை மணி நேரத்தில் தலை சுற்றிவிட்டது. கோடையில் நகரத்துக்கு வடக்கே, பக்கவாட்டில் சுவர்களற்ற அரங்கில் நடக்கும் ஓபரா, இசை புரியாதவர்களுக்கும் மேற்கே சூரியன் மறைவதைப் பார்க்கவாவது ஓர் அனுபவம்தான்.

உணவகத்தில் எதைக் கேட்டாலும் "சிவப்பா, பச்சையா?" என்று திருப்பிக் கேட்பார்கள், மிளகாய்க் குழம்பைப் பற்றிய கேள்வி அது. இரண்டும் வேண்டுமானால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். காரம் நமக்குச் சமாளிக்கக்கூடியதுதான். சைவ உணவுக்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பச்சை மிளகாய்க் குழம்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். அவரையைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கக்கூடும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சோபபீயா என்பது சதுரமாக உப்பிய பூரி. ஒரு மூலையைக் கடித்து, ஆவி வெளியேறியதும் உள்ளே தேனை ஊற்றிச் சாப்பிட வேண்டும். தேன் முழங்கைவரை வழிவதைத் தவிர்க்க இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

மீண்டும் காரை எடுக்கும் நாள்

மூன்றாம் நாளை வெளியே செல்வதற்கு ஒதுக்குங்கள்; ஒரே ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். ஓவியத்தில் ஆர்வமுள்ளவர்கள் 84 ஆம் எண் சாலையில் வடமேற்கே ஐம்பது மைல் சென்று அபிக்யூ என்னும் ஊரையும், அதைத் தாண்டிக் கோஸ்ட் ராஞ்ச் என்னும் பண்ணையையும் பார்க்கலாம். ஓ'கீஃப் 1949 முதல் நிலையாக வாழ்ந்த நிலம் அது. சிவப்பும் மஞ்சளும் அடுக்கடுக்காகத் தெரியும் குன்றுகளையும், தட்டையான உச்சியுடைய பெதர்னல் மலையையும் பார்த்ததும், அவர் எதையும் மிகைப்படுத்தி வரையவில்லை என்பது தெரிந்துவிடும். அபிக்யூவில் அவருடைய வீட்டைப் பார்க்க நெடுநாள் முன்பே பதிவுசெய்ய வேண்டும். குகை வீடுகளில் ஏணி வைத்து ஏற விரும்பும் பிள்ளைகள் இருந்தால் பாண்டலியர் தேசிய நினைவிடம். அங்கே 140 அடி உயரத்திலுள்ள குகைக்கு மரஏணிகளில் ஏற வேண்டும் என்பதால் உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் கீழேயே நின்றுவிடலாம்.

என் தேர்வு, வடக்கே தாவோஸ் என்னும் ஊருக்குப் போகும் மலைப்பாதைதான். 503, 76 ஆகிய மாநிலச் சாலைகளில் சிமயோ, ட்ரூச்சாஸ், லாஸ் திராம்பாஸ் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய், திரும்பும்போது ரியோ கிராண்டே ஆற்றையொட்டிய 68 ஆம் எண் சாலையில் இறங்கிவிடலாம். சிமயோவின் சிறு தேவாலயத்தில், பக்க அறையின் தரையில் ஒரு குழி. அதிலுள்ள மண்ணை நோய் தீர்க்கும் என்று நம்பி எடுத்துப்போகிறார்கள். புனித வாரத்தில் நெடுஞ்சாலையோரமாகப் பல்லாயிரம் பேர் நடந்தே வருகிறார்கள். பாதயாத்திரையும் புற்றுமண்ணும் அறிந்தவர்களுக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது. தாவோஸுக்குச் சற்று முன், ராஞ்சோஸ் தே தாவோஸ் தேவாலயத்தின் பின்புறத்துக்குப் போங்கள். சன்னலே இல்லாத, புடைத்த அந்த மண் முட்டுச்சுவர்களை ஓ'கீஃப் பலமுறை வரைந்திருக்கிறார். அந்தச் சுவருக்கு ஊர் மக்கள் ஆண்டுதோறும் கூடி, வைக்கோல் கலந்த மண்ணைக் கையால் பூசுகிறார்கள். அருகில் போனால் உலர்ந்த சேற்றில் வைக்கோல் துணுக்குகள் வெயிலில் மின்னுவது தெரியும்.

தாவோஸ் பியூப்ளோவில் ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் தொடர்ந்து வாழ்கிறார்கள். 1992 முதல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அது காட்சிப்பொருள் ஆவதற்கு முன்பே பலருடைய வீடு என்பதை மறக்காதீர்கள். அடைத்த கதவுகளைத் தட்டக் கூடாது, கல்லறையிலும் சடங்குக் கூடங்களிலும் நுழையக் கூடாது, ஒருவரைப் படமெடுக்க அவரிடமே அனுமதி பெற வேண்டும். எந்தப் பியூப்ளோவிலும் விழா நாளின் நடனத்தைப் படமெடுப்பதோ வரைவதோ கூடாது, கைதட்டவும் கூடாது; அது வழிபாடு. குளிர்காலத்தின் இறுதியில் தாவோஸ் பியூப்ளோ பல வாரங்கள் பார்வையாளர்களுக்கு மூடப்படும், மற்ற ஊர்களும் முன்னறிவிப்பின்றி மூடக்கூடும் என்பதால், புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பும் காலையில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. டென்வர் போக வேண்டியவர்கள் ஐ-25 இல் "வடக்கு" என்ற பலகையைப் பின்பற்றி ஏறியதும், சூரியன் நேர் எதிரே நின்று கண்ணைக் கூசவைக்கும். சாலை தென்கிழக்கே போகும். வழி தவறிவிட்டோம் என்று நினைத்து அடுத்த வெளிவழியில் திரும்பியவர்களில் நானும் ஒருவன். மலையைச் சுற்றிக்கொண்டு குளோரியேட்டா கணவாய் வழியாகப் போய், பீகோஸைக் கடந்து, லாஸ் வேகஸை நெருங்கிய பிறகுதான் அந்தச் சாலை உண்மையில் வடக்கே திரும்பும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பலகையை நம்பி ஓட்டுங்கள்.